கொல்லனின் இரண்டு விரல்கள்

மண்ணூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்த ஐந்து பேர் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வம் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். பூதமும் டிராகனும் வரும் மாய உலகத்துக்கு ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் முன்கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட எனக்கு, தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் ஆளு கொல்லன். வேலையில தூங்கிட்டான், ரெண்டு விரல் பூட்ச்சு."

"தூங்குமூஞ்சி கொல்லனா? நல்லாகீது" என்று செல்வம் சிரித்தான்.

எதிரே இருந்த தூத்துக்குடி முருகேசன், கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான். போன வாரம்தான் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அவனுடைய இரண்டு விரல்கள் போயிருந்தன. அவன் தூங்கிவிட்டான் என்றார்கள் கம்பெனியில். அதை நம்பிவிட நானும் தவித்துக்கொண்டிருந்தேன்.

"கொல்லன் தூங்கலண்ணே" என்றான். "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனையும் அமுக்குனாத்தான் மெஷின் இறங்கணும். எவனோ ஒண்ணுல குச்சியைச் சொருகிட்டுப் போயிட்டான். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காங்க. கதையிலயாவது மாத்துங்கண்ணே."

வேலை வேகமாக முடிய, முந்தைய ஷிப்டில் அந்தக் குச்சியைச் சொருகியவன் நான்தான். எடுக்க மறந்துவிட்டேன்.

கொல்லன் தூங்கவில்லை, எவனோ சொருகிய குச்சியால்தான் விரல் போனது என்று கதையை உடனே மாற்றினேன். மறுநாள் சூப்பர்வைசர் அறை வாசல்வரை போனேன்; என் வேலை போய்விடுமே என்று திரும்பிவிட்டேன். அந்த வாரமே முருகேசனை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"கொல்லனை நல்லாப் பாத்துக்கிடுங்கண்ணே" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினான்.

விளையாட்டில் அவ்வளவு சுலபமாகச் சொன்னதை சூப்பர்வைசர் அறைக்குள் போய்ச் சொல்லியிருந்தால், அவனுக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும்.