லேப்டாப்பின் இரைச்சல்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஜொகூரின் உலு திராமில் என் வாடகை வீட்டுக் கூரை நன்றாகச் சூடேறியிருக்கும். அந்த நேரத்தில்தான் நானும் தம்பியும் லாரி ஓட்டுவோம். கணினி விளையாட்டில்தான். அவன் நியூசிலாந்தில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறான். அவன் லாரி முன்னால் போகும், என் லாரி பின்னால் போகும். மைக் திறந்தே இருக்கும், ஆனால் பேச்சு அதிகம் இருக்காது.

பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் நான். அம்மா இறந்தபோது அவனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தான். "இப்ப எதுக்கு வந்த?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டேன். திரும்பிப் போகும்போது தன் பழைய லேப்டாப்பை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பல மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது: "லாரி ஓட்டலாமா அண்ணே?" அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன். வேறு யாரும் என்னைத் தேடுவதில்லை.

ஆனால் அந்த லேப்டாப்புக்கு ஜொகூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது நிமிடத்தில் சூடு தொண்ணூற்றேழு டிகிரிக்குப் போய்விடும். உடனே பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். என் லாரி நடுச்சாலையில் உறைந்து நிற்கும். அவன் ஓரங்கட்டிக் காத்திருப்பான். சூட்டைத் தணிக்க உள்ளே சுழலும் காத்தாடி போடும் சத்தமோ காதைப் பிளக்கும்.

"என்னண்ணே, ஏரோப்ளேன்ல ஏறிட்டீங்களா?"

"இன்டர்நெட் லைன் சரியில்ல லா," என்பேன்.

நான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரங்களின் சூட்டைச் சரிசெய்கிற ஆள். ஊருக்குத்தான் உபதேசம். தம்பி கொடுத்த பொருளை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அவனிடம் எப்படி ஒத்துக்கொள்வது? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத அண்ணனாகவே ஏழெட்டு வாரம் ஓட்டினேன்.

ஒருநாள் அவன், "லைன் இப்படியே இருந்தா உங்களுக்குக் கஷ்டம் அண்ணே. கொஞ்ச நாள் விட்டுப் பாப்போமா?" என்றான். "இன்னும் ஒரே ஒரு வாரம் பாப்போம்டா," என்றேன்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் தினமும் லேப்டாப்போடு மல்லுக்கட்டினேன். அடித்தகட்டைக் கழற்றித் தூசியை ஊதினேன். கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டின்மேல் அதைத் தூக்கி வைத்தேன். கடைசியில் பிராசசர் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு போடும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். நாற்பத்தைந்து வாட் இருந்ததை முப்பத்தைந்தாக்கிப் பார்த்தேன், போதவில்லை. இருபதில் லாரி நொண்டியது. இருபத்தைந்தில் எழுபத்தெட்டு டிகிரி. லாரி ஒழுங்காக ஓடியது. காத்தாடியின் வேகத்தையும் நானே இறக்கி வைத்தேன். அறையில் சத்தமே இல்லை.

ஞாயிறு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங்வரை போகும் சாலையைப் போல விளையாட்டிலும் ஒரு நீண்ட சாலை. அரைமணி நேரம் என் லாரி எங்கும் நிற்கவில்லை. அவனே கவனித்துக் கேட்கட்டும் என்று பெருமையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவன் லாரி ஓரத்தில் நின்றது.

"அண்ணே? அண்ணே, இருக்கீங்களா?"

குரல் பதறியது.

"இருக்கேன்டா. என்னாச்சு?"

"அலமாக்... பயந்தே போய்ட்டேன். ஒரு சத்தமும் வரல, கண்ணாடியில உங்க லாரியும் தெரியல. எந்திரிச்சுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்." பிறகு, "இங்க ரூம்ல ஒரு மனுசச் சத்தம் கெடையாதுண்ணே. அந்தக் காத்தாடி சத்தம் கேட்டா, நீங்க பக்கத்துல ஒக்காந்திருக்கீங்கன்னு இருக்கும். அதுக்குத்தான் வாரா வாரம் வர்றேன்," என்றான்.

நான் மட்டும்தான் தனியாக இருக்கிறேன் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. லைன்மேல் பழி போட்டதை அப்போதே அவனிடம் சொன்னேன். அம்மா காரியத்தில் கேட்ட கேள்விக்கும் மன்னிப்புக் கேட்டேன். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

வாட் இருபத்தைந்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, காத்தாடியை மட்டும் முழு வேகத்துக்கு ஏற்றினேன். தேவையே இல்லாமல் அது அலறியது.

"கேக்குதாடா?"

"கேக்குதுண்ணே," என்று லாரியைக் கிளப்பினான். "அடுத்த வாரமும் மூணு மணிதானே?"