வெடியுப்பும் கண்ணுக்குத் தெரியாத துகளும்

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் வெடிமருந்துச் சாலையில் நான் வெடியுப்புக் காய்ச்சினேன். அழுக்கு உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி ஆறவிட்டால், மறுநாள் அண்டாவின் அடியில் ஊசி ஊசியாக உப்பு நிற்கும். என் வீட்டுக்காரருக்குத் தோணிரேவில் மீன்பிடி.

ஒருநாள் கோட்டையின் ஒல்லாந்து வைத்தியர் அடுப்படிக்கு வந்தார். அவர் பேசியதைத் துபாஷி தமிழில் சொன்னார். எந்தப் பொருளும் பிளக்க முடியாத துகள்களால் ஆனது என்று யவன தேசத்தில் ஒருவர் எப்போதோ சொன்னாராம். அவரைவிடப் பேர்பெற்ற இன்னொருவர், அப்படியெல்லாம் இல்லை, வெட்டிக்கொண்டே போகலாம் என்றாராம். உலகம் பேர்பெற்றவர் பக்கமே நின்றுவிட்டது. இப்போதுதான் சீமையில் சிலர் பழைய துகளைத் திரும்பத் தூக்கிப் பிடிக்கிறார்களாம்.

"நம்ம பக்கமும் அணுனு சொல்லிக்கீறாங்க. எவன் பாத்தான்?" என்றார் துபாஷி.

"இந்தத் தண்ணியில கீது," என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும்? அடுப்பப் பாரு."

"அடுப்பப் பாத்துதான் சொல்றேன். கரைச்ச உப்பு கண்ணுக்குத் தெரியல. துணியும் புடிக்கல. ஆனா நாளைக்கு அதே உப்பு திரும்பி வருது. அழிஞ்சிருந்தா எப்டி வரும்? கண்ணுக்கு எட்டாத பொடிசா உள்ளயே கீது."

துபாஷி வேண்டாவெறுப்பாக மாற்றிச் சொன்னதும் வைத்தியர் அண்டா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் உப்பு நின்றதைப் பார்க்கவும் வந்தார். துகள்களில் சின்னக் கொக்கிகள் உண்டு, அவற்றால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன என்று சீமையில் சொல்கிறார்களாம்.

"கொக்கிய யாரு பாத்தாங்க, தொர?"

யாரும் பார்க்கவில்லை என்றார்.

"அப்ப தெரியலனு சொல்லுங்க. உப்பு திரும்பி வர்றத நான் பாத்துக்கீறேன்."

வைத்தியர் சிரித்தபடி போனார். சாலைக் கண்காணிக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லா வேலையாட்களையும் கூட்டிவைத்து, என்னைப் பார்த்து, "தொரகிட்டயே எதிர்ப்பேச்சா? தெரியாம உளறிட்டேன்னு சொல்லு," என்றார்.

"உளறல."

"அப்ப நாளைக்கு வராத."

அகப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் இறால் தடவிப் பிடித்தேன்.

"இன்னாமே, ஒரு வார்த்த சொல்லிருந்தா வேல போயிருக்காதே," என்றார் வீட்டுக்காரர்.

"எந்த வார்த்த? பொய்யா?"

அவர் கூடையை என் பக்கம் தள்ளினார்.

கூட இறால் தடவிய பெண்கள் என்னை ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார்கள். உப்பு, துகள், கொக்கி எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் கண்காணி போய்க்கொண்டிருந்தார். குரலை இன்னும் உயர்த்தினேன்.