ஈரம் படக்கூடாத இடம்

என் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய துண்டுதான். டீக்கடைக்குப் போய்விட்டு வந்த மனிதரின் துண்டு எப்படி நனையும்? கொடியில் கிடந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தேன். குப்பென்று மசாஜ் எண்ணெய் வாசம். தென்காசிக்காரிக்கு அந்த வாசம் எங்கிருந்து வரும் என்று தெரியாதா? குற்றாலத்தில் அப்போது சீசன்.

வேறு வருஷமாக இருந்தால், ஆசை தீரக் குளிக்கட்டும் என்று விட்டிருப்பேன். இப்போது அவர் நெஞ்சின் வலது பக்கத்தில் டயாலிசிஸ் குழாய் தொங்குகிறது. முதலில் இடது பக்கம் போட்ட குழாயில் கிருமி புகுந்து, கட்டில் ஆடும்படி நடுங்கி, ஆளைப் பிழைக்க வைத்ததே பெரும்பாடு. "இந்த இடமும் கெட்டுப்போனா வேற இடம் கிடைக்கது கஷ்டம்மா. ஈரம் மட்டும் படவே கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதனால் தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இருவரும் மாஸ்க் மாட்டிக்கொண்டு, குழாய் மேல் போட்ட கட்டைப் பார்ப்பேன். சிவந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா, பிளாஸ்டர் தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவருக்குக் குளியல் கிடையாது. ஈரத்துணியால் நான்தான் துடைத்துவிடுவேன், அதுவும் கட்டுப் பக்கம் போகாமல்.

அன்று பிளாஸ்டர் ஓரம் சுருண்டிருந்தது.

"எங்க போயிட்டு வாரிய?"

"டீ குடிக்கத்தான்."

"கட்டு ஏன் நமுத்துக் கிடக்கு?"

"சாரல்ட்டி. ஊரே நமுத்துதான் கிடக்கு."

அதுவும் நிஜந்தான். சீசன் வந்தால் எங்கள் வீட்டில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். ஆனால் காலமெல்லாம் அடுத்தவன் பொய்யைப் பிடித்த போலீஸ்காரருக்குத் தன் பொய்யைச் சொல்லத் தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். நர்ஸ் சொல்லித்தந்தபடி புதுக் கட்டுப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் கிளம்பியதும் அடுத்த பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

பேரருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கம் திருவிழாக் கூட்டம். தண்ணீருக்கு அடியில் நின்ற தலைகளில் அவரைத் தேடினேன். இல்லை. ஓரத்தில், கம்பிப் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். தோளில் டீக்கடைக் கூட்டாளிகளின் வேட்டி, துண்டு. கையில் அவர்கள் செல்போன். துணி பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் குற்றாலத்தில் யார் குளிக்கப் போகிறார்கள்? எத்தனையோ சீசன் அவர் துணியை நான் அப்படிச் சுமந்து நின்றிருக்கிறேன்.

கண்ணை மூடியிருந்தார். அருவித் தூவானம் முகத்தில் அடித்துச் சட்டை நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது.

"சாவணும்னே வந்து நிக்கியளா இங்கன?" என்று கத்தினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "குளிக்கலட்டி. சத்தியமா குளிக்கல. துணி பாக்க ஒரு ஆளு வேணும்லா?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்து, கையைக் கழுவிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். மேல் பஞ்சு நனைந்திருந்தது. உள்ளே குழாய் இறங்கும் இடம் காய்ந்திருந்தது, சிவப்பு இல்லை. அப்போதும் நம்பாமல் ராத்திரி வரை நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

மூன்றாம் நாள் அவரே, "நீ அருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வா" என்றார். என்னை வெளியே அனுப்பிவிட்டு எங்கே நழுவப் பார்க்கிறாரோ என்றுதான் நினைத்தேன். போனேன். நின்றதும் தெரியாமல் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் பஸ் ஏறினேன். மெல்லக் கதவைத் திறந்து பார்த்தேன். போட்டது போட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் செருப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"துவட்டாத. இங்கன வா" என்றார்.

மாஸ்க் மாட்டிக்கொண்டேன். சுத்தமான காய்ந்த துண்டை எடுத்து அவர் கட்டின் மேல் விரித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் ஈரத் தலையில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்.

நிமிர்ந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. என் தலையிலிருந்து சொட்டியதா என்று அதை மட்டும் நான் விசாரிக்கவில்லை.