அரை மணி நேரத்தில் வரும் மாமா

எனக்குக் காது குத்துவது இரண்டு முறை தள்ளிப்போனது. காரணம் தாய்மாமன். லங்காவித் தீவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் அவருக்கு மட்டும் லீவு கிடைக்காது. தன் தம்பி மடியில் உட்கார வைக்காமல் குத்துவதில்லை என்று அம்மா பிடிவாதமாக இருந்ததில், எட்டு வயதுவரை வெறுங்காதோடு பள்ளிக்கூடம் போனேன். அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, வாய் சும்மா இருக்குமா? "ஒன் தம்பி வர்றதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிரும் லா" என்பார்.

மூன்றாம் முறை மாமாவுக்கு ஒரே ஒரு நாள் லீவு. முந்தின நாளே ஃபெரியில் வந்து தங்க வழியில்லை. அண்ணனின் கம்ப்யூட்டரில் நான்தான் தேடினேன். லங்காவி விமான நிலையத்திலிருந்து எங்கள் பினாங்கு விமான நிலையத்துக்கு அரை மணி நேரம்தான் என்று போட்டிருந்தது. உடனே அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஒம்போதுக்கு ஏறுனா ஒம்பதரைக்கு இங்க, மாமா! காது குத்து பத்து மணிக்குத்தான்."

ஏழு மணி விமானமும் இருந்தது. எதற்கு விடியற்காலையில் எழுந்து கஷ்டப்படுகிறீர்கள் என்று பெரிய மனுஷி போல அதை வேண்டாம் என்றதும் நான்தான். அதுவரை விமானமே ஏறாத மாமா, "கெட்டிக்காரி கண்ணு நீ" என்று ஒன்பது மணிக்கே டிக்கெட் எடுத்தார். மாமா பிளேனில் வருகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

காது குத்து அன்று ஒன்பதரைக்குப் போன் வந்தது. எடுத்தது நான். "எறங்கிட்டேன் கண்ணு!" என்றார். லிட்டில் இந்தியா பக்கத்துக் கோயிலில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் அறிவித்தேன். அப்புறம் மாமாவைக் காணவே இல்லை. சீர்ப் பெட்டி வெளியே வரக் காத்திருந்து, டாக்சிக்கு வரிசையில் நின்று, வழியில் கெலுகோர் டிராஃபிக் ஜேமில் மாட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டிருக்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று குருக்கள் அவசரப்படுத்த, அம்மாவின் பெரியப்பா மகன் மடியில் என்னை உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். நான் வலியில் அழுதேன். அம்மாவும் அழுதார்.

பந்தி நடக்கும்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை. கையில் எனக்கு வாங்கிய தோடு.

"பிளேன்ல வந்துமா இவ்ளோ நேரம்?" என்றார் அத்தை, எல்லார் காதிலும் விழும்படி.

"ஃபிளைட் லேட்டுக்கா."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்! ஒம்பதரைக்கே எறங்கிட்டேன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாக்கா. நான்தான் டைம் சரியா பாக்கல" என்றார்.

"அக்கா பிள்ளை மேல அவ்ளோதான் அக்கறை" என்று அத்தை முடித்துவைத்தார்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேர் முன்னால் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற மாமா எனக்கென்றா வாய்க்க வேண்டும்? "வலிக்குதா கண்ணு, காட்டு" என்று அவர் குனிந்தபோது, காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இலையில் உட்காராமலே, திரும்பிப்போகும் விமானத்துக்குக் கிளம்பினார். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "ஒம்போது மணி பிளேன் போதும்னு நீதானே சொன்னே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை வாயடைத்துப் போயிருப்பார். அவர் அதைச் சொல்லாமல் போனார் என்பதைக்கூட நான் அன்று கவனிக்கவில்லை.