செத்த கிணறும் விடுதலைப் பத்திரமும்

செத்துப்போன எண்ணெய்க் கிணறு செத்துவிட்டது என்று கம்பெனியிடம் எழுதி வாங்குவதுதான் என் வேலை. டெக்சஸில் நிலம் வாங்கினால் பல இடங்களில் மேல்மண் மட்டும்தான் நமக்கு. அடியிலிருக்கும் எண்ணெயையும் கேஸையும் எடுக்க யாரோ எப்போதோ குத்தகை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது முடிந்தது என்று கம்பெனி விடுதலைப் பத்திரம் தராதவரை பேங்க் கடன் தராது. கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டே காது மந்தமான சக பாவிகளுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

டெக்சஸின் ஃபிரிஸ்கோ ஊரில் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். போன வருஷம் ஜெபராஜ் அங்கிள் ஃபைலோடு வந்தார். நெல்லைக்காரர், ரிட்டயரான இன்ஜினியர். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்து சர்ச் கட்ட இரண்டு ஏக்கர் வாங்கியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூட ஹாலை மே மாதம் இடிக்கப்போகிறார்கள். “அதுக்குள்ள லோன் வரலைன்னா நாப்பது குடும்பத்துக்கும் கூடுறதுக்கு இடம் இல்லம்மா” என்றார்.

ஓனர் நம்பர்

கம்பெனிக்குப் போன் செய்து பழைய குத்தகையின் நகல் கேட்டேன். நிலச் சொந்தக்காரருக்குக் கம்பெனி கொடுக்கும் ஓனர் நம்பரைச் சொன்னால்தான் தருவார்களாம். நேற்று வாங்கிய நிலத்துக்கு நம்பருக்கு எங்கே போவது? முக்கால் மணி நேரம் காத்திருந்து கிடைத்த அந்தப் பெண் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்: “குத்தகைப் பேப்பர்ல முதல் பக்கத்துலயே இருக்கும், மேம்.”

மூன்று மாதம் கழித்து

குத்தகை எடுத்த கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்க, அதை இந்தக் கம்பெனி விழுங்கியிருந்தது. காகிதமெல்லாம் ஏதோ கோடவுனில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், இருநூறு மைல் தள்ளி யாரோ ஒருவருடைய மாட்டுப் பண்ணையின் குத்தகை. ரெக்கார்டு பிரிவில் இருக்கும் டெபியிடம் சொன்னேன். அவளுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. “நீங்க குத்தகைதானே கேட்டீங்க? இதுவும் குத்தகைதான்.”

ஓடாத பம்ப்

சரியான குத்தகை கிடைத்ததும் விடுதலைப் பத்திரம் கேட்டேன். கிணறு இன்னும் ஓடுவதாக ரெக்கார்டு சொல்கிறது, கிணறு ஓடும்வரை குத்தகையும் உண்டு, தர முடியாது என்று பதில் வந்தது. சனிக்கிழமை அங்கிளும் நானும் டிரைவ் பண்ணிக்கொண்டு போய்ப் பார்த்தோம். பம்ப் துருப்பிடித்து நின்றது. வேலிக்குள் என் உயரத்துக்கு முள்மரம். அங்கிள் கல்யாண ஃபோட்டோகிராஃபர் மாதிரி நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியின் ஃபீல்டு ஆள் ஒருவர் பிக்கப்பில் வந்தார். இது ஓடி ஒரு நாளும் பார்த்ததில்லை என்று சிரித்தார். அதையே எழுதிக் கொடுங்களேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. “நான் பார்த்ததைச் சொல்லலாம் மேம், எழுத முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா ஓடுது.”

ஒரே ஒரு ஒரிஜினல்

பதினோரு கடிதம், அங்கிள் எடுத்த படங்கள், டெபியின் பரிதாபம் எல்லாம் சேர்ந்து ஏப்ரலில் பத்திரம் வந்தே விட்டது. கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் கச்சிதம். என் ஆபீஸ் முகவரி கொடுத்திருந்தும் அங்கிள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போனிலேயே அதை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். “திங்கட்கிழமை கவுன்ட்டி ஆபீஸ்ல பதிவு பண்ணிடலாம் அங்கிள். இது ஒண்ணுதான் ஒரிஜினல், ஒண்ணும் ஆகாம பாத்துக்கோங்க” என்றேன். இதைச் சொன்னது நான்தான்.

திங்கட்கிழமை கவுன்ட்டரில் அதை வெளியே எடுத்தார். பளபளவென்றிருந்தது. லேமினேட் செய்துவிட்டார். “ஞானஸ்நான சர்டிபிகேட்லருந்து மார்க் ஷீட் வரைக்கும் எல்லாம் இப்படித்தாம்மா வச்சிருக்கேன்” என்று பெருமையாக வேறு சொன்னார். என் டிகிரி சர்டிபிகேட்டும் அப்படித்தான் இருக்கிறது, அவரை எந்த வாயால் திட்டுவது? கவுன்ட்டர் பெண் முத்திரை குத்திப் பார்த்தாள். மை வழுக்கிக்கொண்டு போனது. டிஷ்யூவால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். “சீல் ஒட்டாத பேப்பரை நாங்க பதிவு பண்றதில்லை.”

மறுபடியும் டெபி

இன்னொரு பத்திரம் போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் கீபோர்டில் தட்டுவது கேட்டது. விடுதலை கொடுத்த அன்றே அந்தக் குத்தகையை சிஸ்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். சூப்பர்வைசர், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஏறிப் பார்த்து, கடைசியில் டெபியிடமே வந்து நின்றேன். “இல்லாத குத்தகையை எப்படி மேம் ரிலீஸ் பண்றது?”

மே மாதக் கடைசி ஞாயிறு அங்கிள் ஹாலிலிருந்து கூப்பிட்டார். எடுக்கவே பயமாக இருந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. “ஆளுக்கொரு சர்ச்சுன்னு பிரிஞ்சு போறோம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

இந்த வேலையில் நான் வாங்கிக் கொடுத்த பத்திரங்களிலேயே என்றைக்கும் கிழியாமல் இருக்கப்போவது அது ஒன்றுதான்.