பெயிண்ட் வாளியில் வந்த வன்னி

போன வாரம் கன்னிவாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஒரு பொக்லைன் ஓரத்துச் சீமைக்கருவேல மரங்களை வேரோடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. பஸ் செத்த நேரம் நின்றது. முறிந்த கொப்புகளின் வாசனை உள்ளே வந்தது. பச்சையும் கசப்புமாக, அடியில் கொஞ்சம் வெல்லம் கலந்த மாதிரி. பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக இழுத்து மோந்தேன். என் வாழ்க்கையிலேயே பெரிய கிறுக்குத்தனத்தை இந்த வாசனைக்கு நடுவில் நின்றுதான் செய்தேன். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சரி, சிரித்தாலும் பரவாயில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு வேலை கிடைத்தது. திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலை நீலமாகத் தெரிகிற பக்கம், குளத்தங்கரையில் ஒரு பூங்கா. முன்பக்கம் ஊஞ்சல், சறுக்குமரம், வறுத்த கடலை விற்கிற வண்டி. பின்பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத ஏழெட்டு ஏக்கர் புதர்க்காடு. அந்தப் புதர்க்காட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டிப் பாடம் சொல்ல வேண்டும். அடையாள அட்டையில் ‘இயற்கைக் கல்வியாளர்’ என்று போட்டிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்த அட்டையை எடுத்துக் காட்டுவாள். அப்பா மட்டும், “பார்க்குல வேல பாக்குறா” என்று சுருக்கமாக முடித்துவிடுவார்.

நானோ அசல் டவுன்காரி. எனக்குச் செடி என்றால் மொட்டைமாடித் தொட்டியில் ரோஜா, மரம் என்றால் கல்லூரி ஆய்வகத்தில் அட்டையில் ஒட்டிவைத்த காய்ந்த இலை. ஆனால் வாய் மட்டும் எட்டூருக்கு இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். “மிஸ், புலி எங்க?” புலி இல்லை என்றால் யானை. யானையும் இல்லை என்றால் சாப்பாட்டு நேரம் எப்போது என்பார்கள். ஐந்து நிமிடம் கண்ணை மூடி எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணச் சொல்வேன். மயில், பஸ் ஹார்ன், பக்கத்துப் பையனின் வயிறு என்று ஒருவன் வரிசையாக எழுதிக் கொடுத்தான். அந்தத் தாள் ரொம்ப நாள் என்னிடம் இருந்தது.

மதியம் டிபன் டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறக்கும். அம்பது வீட்டுப் புளிச்சோறும் லெமன் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்து ஒரு வாசனை எழும்பும் பாருங்கள், இப்போது நினைத்தாலும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. நான் வேண்டுமென்றே வெறும் சோறு கொண்டுபோவேன். வெஞ்சனத்துக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிற தைரியம்தான்.

பூங்காவில் என்னோடு வேலை பார்த்தவர் தோட்டக்காரர் ஜோசப்பண்ணன். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, பீடியும் கிடையாது, கோபமும் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தப் புதர்க்காட்டில் வன்னி மரம் வளர்க்க வேண்டும். வெயிலுக்கும் அஞ்சாது, ஆட்டுக்கும் ஆகும், கிளிக்கும் ஆகும் என்பார். இரண்டு தடவை விதை போட்டு இரண்டு தடவையும் போச்சு. ஒரு தடவை எறும்பு, ஒரு தடவை தண்ணீர் தேங்கி. மூன்றாவது தடவை முளைத்து வந்தன, முப்பத்திரண்டு கன்றுகள். ஆணிவேர் பையில் வளைந்துவிடும் என்று தரையிலேயே பாத்தி கட்டி விதைத்திருந்தார். காலையில் வந்ததும் முதலில் அந்தப் பாத்தியைத்தான் போய்ப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் எனக்கு வணக்கம்.

அந்தக் கன்றுகளை நம்பித்தான் நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களை அழைப்பது, வீட்டுக்கு ஒரு வன்னியாகக் கொடுத்துப் பின்பக்கம் நடச் சொல்வது, பிள்ளையின் பெயரைக் கட்டித் தொங்கவிடுவது, மாதம் ஒரு தடவை அவர்களே வந்து தண்ணீர் ஊற்றுவது. பூங்காவை நடத்திய குழுவின் செயலாளருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. புதர்க்காட்டை வழித்துவிட்டுக் கலர் விளக்கு போட்ட நீரூற்று வைத்தால் கூட்டம் வரும் என்பது அவர் கட்சி. கடைசியில் இறங்கி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வந்து கன்று நட்டால் காடும் பாடமும் தொடரட்டும், இல்லாவிட்டால் நீரூற்று. பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை கன்னிவாடிப் பக்கத்து நடுநிலைப்பள்ளியில் இருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். ஜோசப்பண்ணன் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வத்தலக்குண்டு போயிருந்தார். ஐப்பசி மழை பெய்து மண் பொதபொதவென்று இருந்தது. அன்றைக்குப் பாடம் சீமைக்கருவேலம். நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேறு எதையும் வளர விடாது என்று சாமி வந்தவள் போல ஆடித் தீர்த்தேன். பிறகு ஒரு போட்டி வைத்தேன். புதர்க்காட்டில் முளைத்திருக்கும் சின்னச் சின்னச் சீமைக்கருவேலக் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், அதிகம் பிடுங்குகிறவருக்குப் பென்சில். அதோடு விட்டேனா? ஆளுக்கு ஒன்றிரண்டை வீட்டுக்கு எடுத்துப்போய், அம்மா அப்பாவிடம் காட்டி, இதுதான் எதிரி என்று சொல்ல வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம் என்று வேறு சொல்லிவைத்தேன்.

இப்போது நான் செய்த இன்னொரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். வன்னிப் பாத்தியில் ஜோசப்பண்ணன் கரித்துண்டால் ‘வன்னி’ என்று எழுதிய ஒரு பலகை நின்றது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று அதைப் பிடுங்கி, பச்சைப் பெயிண்ட் அடித்து, ஷெட்டில் காயவைத்திருந்தேன். மழையில் பாத்தியின் வரப்பும் கரைந்திருந்தது. விரல் உயரத்தில் வன்னியும் சீமைக்கருவேலமும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். அட்டையில் ஒட்டிய இலை படித்தவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கௌசல்யா என்று ஒரு பிள்ளை. இரட்டைச் சடை, மெல்லிய குரல். கையில் ஒரு கன்றோடு என் பக்கத்தில் வந்து நின்றது.

“மிஸ், இது அது இல்ல போல.”

நான் நோட்டில் யார் எத்தனை என்று குறித்துக்கொண்டிருந்தேன். முள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

“இருக்கு மிஸ். ஆனா அதுல கணுவுலதான் முள்ளு நிக்கும். இதுல தண்டெல்லாம் கெடக்கு.”

முள் இருந்தால் பிடுங்கு, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விட்டது. ஈர மண்ணில் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. சாயங்காலம் பஸ் ஏறும்போது ஒவ்வொரு பிள்ளையும் கையில் செடியைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஜோசப்பண்ணன் வந்து வழக்கம்போல் நேரே பாத்திக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது பிடுங்கிப் போட்ட குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வாடிய கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் சீமைக்கருவேலம். இடது பக்கம் நாலே நாலு வன்னி, அதுவும் சருகாக. மீதி எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மூணாந்தடவ தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். நான் ஷெட்டுக்குள் போய், பச்சைப் பெயிண்ட் பளபளக்கிற அந்தப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. அதுவும் கோணலாகத்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம், இந்த வருடம் மழை சரியில்லை, வன்னி முளைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். மழையில் நனைந்த தலையோடுதான் இந்த முடிவை எடுத்தேன் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஞாயிறு விடிந்தது. முப்பது டவுன் குடும்பம் பெயர் கொடுத்திருந்தது, வந்தது பன்னிரண்டு. அவர்களும் இயற்கை நடை என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு ஜமுக்காளம், கேரியர், பேட்மின்டன் மட்டையோடு வந்திருந்தார்கள். செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலைகளை எண்ணினார், வாய்விட்டே எண்ணினார். நான் எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தித் தொண்டையைச் செருமினேன். “இந்த வருஷம் மழை” என்று ஆரம்பித்தேன். ஜோசப்பண்ணன் தரையைப் பார்த்தார்.

அப்போது வாசலில் ஒரு குட்டியானை வேன் வந்து நின்றது. ரயில் மாதிரி ஹார்ன் அடித்தது. பின்னால் நிற்க இடமில்லாமல் ஜனம். அம்மாக்கள், அப்பாக்கள், இடுப்பில் பிள்ளைகள், நடுவில் என் ஆறாம் வகுப்பு. ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு பாத்திரம். எண்ணெய் டின், உடைந்த குடம், ஐஸ்கிரீம் டப்பா. கௌசல்யா பெயிண்ட் வாளி ஒன்றைக் கட்டிப் பிடித்திருந்தாள். எல்லாவற்றிலும் மண்ணோடு வன்னிக் கன்றுகள்.

கௌசல்யாவின் அம்மா பூந்தோட்டத்துக்காரர். வந்த வேகத்தில் யார் டீச்சர் என்று கேட்டார். நான் என்று கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தவள் மாதிரி.

“புள்ளைக்கு நல்லதுதாம்மா சொல்லிக்குடுத்திருக்கீங்க. செடிதான் வேற.”

விஷயம் இதுதான். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய் எதிரி எதிரி என்று செடியை நீட்டியிருக்கிறார்கள். காட்டில் வரப்போரம் வன்னி நிற்கிற வீடுகள் அவை. பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டு, கிடைத்த பாத்திரத்தில் மண்ணைப் போட்டு ஊன்றிவிட்டார்கள். கௌசல்யா அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸிலேயே, மற்றவர்கள் சலித்துப்போய் சீட்டுக்கடியில் போட்ட கன்றுகளையெல்லாம் பொறுக்கி, தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறாள். அந்த ஒரு வாளியில் மட்டும் ஒன்பது இருந்தன. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஞாயிறு லீவில் வண்டி பிடித்து வந்துவிட்டார்கள். மொத்தம் இருபத்தொன்று திரும்பி வந்திருந்தது.

எனக்கு மழைப் பொய் மறந்தே போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பலகையைப் பிடுங்கியது, பென்சில், இந்தப் பிள்ளை சொல்லியும் நான் நிமிர்ந்து பார்க்காதது, இப்போது பொய் சொல்ல வாயெடுத்தது, எல்லாம். பிறகு யாரோ ஒரு அப்பா களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், வேப்பமரத்துக் காக்காய்கள் எழும்பிப் பறக்கிற அளவுக்குக் கூட்டமே சிரித்தது. நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் பாடம் எடுக்கவே இல்லை. கன்னிவாடி அம்மாக்கள் டவுன் அம்மாக்களுக்குக் குழி எவ்வளவு ஆழம் என்று காட்டினார்கள். டவுன் பிள்ளைகள் முள் எங்கே நிற்கிறது என்று கௌசல்யாவிடம் வரிசையில் நின்று கேட்டார்கள். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ கையில் திணித்த குடத்தோடு குளத்துக்கும் குழிக்கும் நடந்தார். மதியம் ஜமுக்காளங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கேரியர்கள் கை மாறின. ஜோசப்பண்ணன் மட்டும் சாப்பிட வரவில்லை. ஒவ்வொரு கன்றின் அடியிலும் மண்ணை அமுக்கிவிட்டுக்கொண்டே போனார். கௌசல்யாவின் பக்கத்தில் போனதும், “நீதாம்ப்பு இதுக்கெல்லாம் ஆத்தா” என்றார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை.

நீரூற்றுப் பேச்சு ஐந்து வருடத்துக்கு எழவில்லை. மாதம் ஒரு ஞாயிறு, குடத்தோடு குடும்பங்கள் வந்தன. அந்த இருபத்தொன்றில் ஒன்பது பிழைத்தன.

பிறகு குழு மாறியது. நான் கல்யாணமாகி வேலையை விட்டேன், ஜோசப்பண்ணன் வத்தலக்குண்டுக்கே போய்விட்டார். இப்போது அங்கே புதர்க்காடு இல்லை. டைல்ஸ் போட்ட நடைபாதை, சிமெண்ட்டு மான், கடைசியில் வந்தே விட்ட நீரூற்று. அதில் தண்ணீர் வருவதில்லை. சுவரோரம் மூன்று வன்னி நிற்கிறது.

இன்றைக்கும் நான் பள்ளிகளுக்கு இயற்கைப் பாடம் எடுக்கிறேன். வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துகொண்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு. பிள்ளைகளின் மைக் எல்லாம் மூடியிருக்கும். பஸ்ஸில் அந்த வாசனையை மோந்துவிட்டு வந்த மறுநாள் ஒரு காரியம் செய்தேன். சீமைக்கருவேலத்தின் படத்தைப் போட்டு, முள் கணுவில் நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாக்கி, கீழே ‘வன்னி’ என்று எழுதிவிட்டேன். எல்லோரும் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மைக்கைத் திறக்கலாம் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். ஒரு மைக்கும் திறக்கவில்லை. திரையில் வரிசையாக நாற்பது கட்டைவிரல் எழும்பியது, எல்லாம் சரி மிஸ் என்று.