சத்தியத்துக்கு ஒரு மூட்டை உப்பு

எனக்கு விடுதியில் இடம் வாங்கித் தந்தவர்கள் அந்த அமைப்புக்காரர்கள்தான். அதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

சென்னையில் எம்.ஏ. சேர்ந்த முதல் மாதம் மரக்காணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். விடுதி நிரம்பிவிட்டது என்று வார்டன் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை, வளாகத்தில் இயங்கிய வலதுசாரி மாணவர் அமைப்பின் தலைவர் என்னோடு வந்தார். நெற்றியில் குங்குமம், கையில் கயிறு, எல்லோரையும் 'ஜி' போட்டுப் பேசுவார். பெண்கள் மட்டும் 'சிஸ்டர்'. அன்று சாயங்காலமே கட்டில் கிடைத்தது.

அவர்கள் அந்த வருஷம் ஒரு படத் திரையிடலை நிறுத்தினார்கள். ஒரு பேராசிரியரின் கருத்தரங்கைப் பாதியில் முடிக்கவைத்தார்கள். விடுதித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவைத்தார்கள். மூன்றில் எனக்கு வேண்டியிருந்தது தண்ணீர்த் தொட்டி. அதனால் அவர்கள் நல்லவர்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

அறையில் ஏற்கெனவே இருந்தவள் கோட்டக்குப்பத்துக்காரி. அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா ஷார்ஜாவில் லாரி ஓட்டினார். தங்கிப் படிப்பதென்றால் பல்கலைக்கழக விடுதியில்தான், வேறு எங்கும் இல்லை என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. என் கட்டிலுக்கடியில் ஒரு நீலப் பக்கெட் கிடந்தது. அடியில் நெயில் பாலிஷால் இரண்டு எழுத்து. யாருடையது என்று கேட்டேன்.

"உனக்கு முன்னாடி இருந்தவளோடது."

ஏன் போனாள் என்று நான் கேட்கவில்லை. பக்கெட் நன்றாக இருந்தது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். மரக்காணத்தில் நான் இறங்கிக்கொள்வேன், அவள் கோட்டக்குப்பம் வரை தனியாகப் போவாள். திரும்பும்போது அவள் முதலில் ஏறி எனக்கு ஜன்னல் சீட் பிடித்து வைப்பாள். வாந்தி வருவது எனக்குத்தான்.

பொங்கலுக்கு முன் தலைவர் கூப்பிட்டார். "சிஸ்டர், நீங்க மரக்காணம்தானே? ஒரு மூட்டை உப்பு வேணும்." இந்த நாட்டின் உப்பைத் தின்பவர்கள் எல்லோரும் உப்பில் கைவைத்து விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது புது இயக்கம். கடை உப்பு பாக்கெட்டில் வருவதால் அதில் மண்ணின் வாசனை இல்லையாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா உப்பளத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தாள். சீசன் தொடங்கும் முன் தரை இறுகுவதற்காகக் காலையிலிருந்து மிதிக்கிற வேலை.

"சத்தியம் பண்றதுக்கா? உப்பு மேலயா?" என்றாள். "நாங்க கால்ல மிதிச்சி, கால்லயே நின்னு வார்றோம். இது மேல இன்னா சத்தியம்? போயி கற்பூரம் வாங்கச் சொல்லு."

இருந்தாலும் முதலாளியிடம் கேட்டு, போன வருஷத்துக் குவியலிலிருந்து ஒரு சின்ன மூட்டை கட்டித் தந்தாள். பஸ் வந்ததும் கண்டக்டர் மூட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். ஜன்னல் சீட்டிலிருந்தவள் இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.

"இன்னாடி இது, ஊரையே வாரிக்கினு வந்துட்டியா?"

இறங்கியபின் விடுதி வரை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். எதற்கு என்று கேட்டாள். ஏதோ ஃபங்ஷன் என்றேன்.

நூலகத்துக்கு எதிரே, வேப்ப மரத்தடியில் ஒரு தாம்பாளம் நிறைய உப்பு. 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்' என்று அட்டை. அம்மாவின் கால்களை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. உப்புக்குச் சொந்தக்காரி என்பதாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதாலும் பதிவேட்டை என் முன் வைத்தார்கள். ஒரு பக்கம் சத்தியம் செய்தவர்கள், எதிர்ப் பக்கம் செய்யாதவர்கள். எதிர்ப் பக்கம் எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா, ரெக்கார்டுக்கு."

நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மதியம் அவள் அந்த வழியாக வந்தாள். தலைவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அவளும் மரியாதையாகத்தான் சொன்னாள்: "நாங்க உப்பு மேலல்லாம் சத்தியம் பண்றதில்ல ஜி. அல்லா மேலதான். அப்படி வேணா இப்பவே பண்றேன்."

"அது வேணாம் சிஸ்டர். எல்லாருக்கும் ஒண்ணுதான். உப்பு."

"அப்ப வேணாம்."

தலைவர் என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். தாம்பாளத்திலிருந்தது அவள் தோளிலும் வந்த உப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர்ப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் அறை எண். அதை அவளிடம் கேட்கத் தேவை இருக்கவில்லை. என் அறையும் அதுதான்.

எதிர்ப் பக்கத்தில் மொத்தம் ஏழு பேர். நாலு பேர் வீட்டிலிருந்து வருபவர்கள், அவர்களிடம் பிடுங்க ஒன்றுமில்லை. மற்ற மூவருக்கும் இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'நிர்வாகக் காரணங்களால்' அறை ரத்து.

வார்டனிடம் போனேன். அவர் மேஜைமேல் நான் எழுதிய எதிர்ப் பக்கத்தின் ஜெராக்ஸ் இருந்தது. தலைவரிடம் போனேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சிஸ்டர்," என்று ஆறுதல் சொன்னார்.

அவள் அழாமல் பெட்டி கட்டினாள். அழுதது நான். அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதேன். அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அதைக் கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவ எதுக்குப் போனா?"

"ஏதோ ஃபார்ம்ல கையெழுத்து போடமாட்டேன்னுட்டா."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொல்லியிருந்தா, இந்தக் கட்டில் வேணாம்னு போயிருப்பியா?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கீழே கொண்டுபோனோம். பஸ்ஸில் இடம் இருக்காது என்று அவளுடைய சிவப்புப் பக்கெட்டை விட்டுவிட்டுப் போனாள். ஷார்ஜாவிலிருந்து அத்தா, படித்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மரக்காணம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அதன்பின் நானேதான் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை தலைவர் விடுதி வாசல் வரை ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். கிளியனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். பையை இறக்கி வைப்பதற்குள் சொன்னாள்: "அந்த அண்ணா ரொம்ப நல்லவருக்கா. மூணு மாசமா அலஞ்சேன். ஒரே நாள்ல வாங்கிக் குடுத்துட்டாரு."

"எனக்கும் அவர்தான் வாங்கிக் குடுத்தாரு," என்றேன்.

அவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். "இந்த சிவப்பு பக்கெட் யாருதுக்கா?"

"உனக்கு முன்னாடி இருந்தவளோடது."

ஏன் போனாள் என்று கேட்டால் முழுவதும் சொல்லிவிடுவது என்று காத்திருந்தேன். அவள் பக்கெட்டைத் தூக்கி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். இல்லை. தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.